ஒரே இரவில், வீடு முழுவதும்

கோப்பெங் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளைக்கு விரலிடுக்கில் சிரங்கு கண்டால், முதலில் பழி விழுவது வாசலில் படுத்திருக்கும் நாயின் மேல்தான். நாயைத் துரத்திவிடுகிறார்கள், இல்லையென்றால் மாவட்ட மன்றத்துக்கு ஃபோன் போட்டுப் பிடித்துப் போகச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு ஃபார்மசியில் ஒரு களிம்பு வாங்கித் தடவுகிறார்கள். அரிப்பு கொஞ்சம் தணிகிறது. ஒரு மாதம் போனதும் அக்காவுக்கு வருகிறது, பிறகு பாட்டிக்கு, பிறகு மறுபடியும் அதே பிள்ளைக்கு. நாய் போய்விட்டது, நோய் போகவில்லை.

இந்தச் சுற்றில் தவறு எங்கே நடக்கிறது? நோயைக் கண்டறிவதிலா, மருந்திலா, மருந்து போடும் முறையிலா? மூன்றையும் கையில் இருக்கும் சான்றுகளோடு எடைபோட வேண்டியிருக்கிறது. அதற்கு இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். சொல்லப்படும் வழி நோயை உண்மையிலேயே நிறுத்துகிறதா? கிந்தா பள்ளத்தாக்கில் கூலிக்குப் போகும் ஒரு குடும்பத்தால் அதைச் செய்து முடிக்க முடியுமா?

சொறி, சிரங்கு என்று பொதுவாகச் சொல்லும் பலவற்றில் இங்கே பேசப்படுவது சார்கோப்டிஸ் என்ற, எட்டுக் கால்களுள்ள நுண்ணிய பூச்சியால் வருவது. மலாய்க்காரர்கள் குடிஸ் பூத்தா என்பது இதைத்தான். பெண் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலின் மேலடுக்கில் வளை தோண்டிக்கொண்டு நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். முட்டை மூன்று நான்கு நாளில் பொரிந்து, இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். 1687 இல் இத்தாலியின் லிவோர்னோவில் பொனோமோ என்ற மருத்துவரும் செஸ்தோனி என்ற மருந்தாளரும் இதை உருப்பெருக்கியில் பார்த்து எழுதினார்கள். மருத்துவ உலகம் நம்பவில்லை. 1834 இல் பாரிஸ் மருத்துவமனையில் ரெனூச்சி என்ற கோர்சிகா மாணவர், தம் ஊர்ப் பெண்கள் செய்வதுபோல ஊசி முனையால் பூச்சியை எடுத்துக் காட்டிய பிறகுதான் வாதம் ஓய்ந்தது. இத்தனை காலமாகக் காரணம் தெரிந்த ஒரு நோய் இன்றும் உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிப் பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அறிவியலில் குறை பெரிதாக இல்லை; அறிந்ததைச் செயலாக்குவதில்தான் இருக்கிறது.

முதலில் நாயின் மீதான குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். நாய்க்குச் சொறி வைக்கும் பூச்சியும் மனிதருக்குச் சிரங்கு வைக்கும் பூச்சியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரே இனத்தின் வெவ்வேறு வகைகள் அவை. சொறி பிடித்த நாயைத் தூக்கிக் கொஞ்சுகிறவருக்கு நாயின் பூச்சி ஏறும், அதில் ஐயமில்லை. ஆனால் அது நம் தோலில் குடும்பம் நடத்த முடியாது. முன்கை, மார்பு, வயிறு, தொடை என நாய் பட்ட இடங்களில் ஓரிரு நாளில் சிவந்த கொப்புளங்கள் எழும்பும். நாய்க்கு மருந்து போட்டால் சில வாரத்தில் தானாக அடங்கிவிடும். மனிதப் பூச்சியின் தடம் வேறு. அது விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, பிறப்புறுப்பு என்று மடிப்பான இடங்களைத் தேடும். இரவில் அரிப்பு கூடும். வீட்டில் ஒருவரோடு நிற்காது.

வட ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிக் கிராமங்களில், நாயும் மனிதரும் ஒன்றாகப் புழங்கும் இடங்களில், இரு தரப்புப் பூச்சிகளையும் எடுத்து மரபணு பார்த்தார்கள். 1999 இல் வெளியான அந்த ஆய்வில் ஒரே கிராமத்து நாய்ப் பூச்சியும் மனிதப் பூச்சியும் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்தன. எங்கோ தொலைவிலுள்ள கிராமத்து மனிதப் பூச்சி, இந்தக் கிராமத்து மனிதப் பூச்சிக்கு நெருங்கிய உறவாக இருந்தது. மனிதருக்கிடையே பரவும் சிரங்கை ஒழிக்க நாய்களின் மேல் பணத்தையும் ஆளையும் செலவிடத் தேவையில்லை என்பது அவர்கள் வந்த முடிவு. விரலிடுக்கில் சிரங்கு வந்து குடும்பத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், நாயைத் துரத்துவதால் அது ஒருநாளும் நிற்காது. நாய்க்கும் வைத்தியம் வேண்டும். அதற்குக் காரணம் நாயின் வேதனை. நம் சிரங்கு அல்ல.

நாயின் தரப்பில் இன்னொரு அநியாயமும் நடக்கிறது. முடி உதிர்ந்த நாயெல்லாம் தொற்றும் சொறிநாய் அல்ல. டெமோடெக்ஸ் என்ற இன்னொரு பூச்சி, குட்டி பிறந்த முதல் நாட்களிலேயே தாயிடமிருந்து மயிர்க்கால்களில் குடியேறி, ஏறக்குறைய எல்லா நாய்களிடமும் சாதுவாக வாழ்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி தளரும்போது மட்டும் பெருகி, கண்ணைச் சுற்றியும் வாயோரமும் முன்காலிலும் வட்ட வட்டமாக முடியை உதிர்க்கும். தொடக்கத்தில் பெரிதாக அரிக்காது. மனிதருக்கு ஒட்டாது. அடுத்த நாய்க்கும் இந்த வழியாகப் பரவாது. தொற்றும் சொறி காது விளிம்பிலும் முழங்கையிலும் வயிற்றிலும் தொடங்கும். நாய் உறங்க முடியாமல் சொறியும். இந்த வேறுபாடு தெரியாமல் எத்தனையோ குட்டிகளைச் சாக்கில் கட்டி எண்ணெய்ப்பனைக் காட்டில் விட்டிருக்கிறோம்.

அடுத்தது கண்டறிதல். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது நல்ல சோதனை என்று பேர். டெமோடெக்ஸ் விஷயத்தில் அந்தப் பேர் சரி. தோலைப் பிழிந்து ரத்தம் கசியும் ஆழம்வரை சுரண்டினால் பெரும்பாலும் பூச்சி அகப்படும். சார்கோப்டிஸ் விஷயத்தில் இதே சோதனை ஏமாற்றும். சொறி உள்ள நாய்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் சுரண்டலில் பூச்சி கிடைப்பதில்லை. மனிதரிலும் அப்படித்தான். காரணத்தை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கென்னத் மெலன்பி கண்டார். ஆயுதம் எடுக்க மறுத்த இளைஞர்கள் தாமாக முன்வந்து நோயை ஏற்றுக்கொண்ட ஆய்வு அது. நூற்றுக்கணக்கான நோயாளிகளின் பூச்சிகளை எண்ணிப் பார்த்தபோது, சராசரியாக ஓர் உடலில் இருந்தவை 11 பெண் பூச்சிகள்தாம். உடல் முழுக்கப் பதினொன்று என்றால், சுரண்டிய இடத்தில் ஒன்று அகப்படாதது வியப்பே அல்ல.

ஆகவே பூச்சி அகப்பட்டால் நோய் உறுதி. அகப்படாவிட்டால் நோய் இல்லை என்று பொருளாகாது. இதை ஒத்துக்கொண்டுதான் 2020 இல் உலகத் தோல் மருத்துவர்கள் வகுத்த அளவுகோலில் மூன்று படிகள் வைக்கப்பட்டன: பூச்சியைக் கண்டு உறுதி செய்தது, அடையாளங்களைக் கொண்டு மருத்துவர் முடிவு செய்தது, ஐயத்துக்குரியது. பெரும்பாலான கிளினிக்குகளுக்கு இரண்டாம் படியே போதும். இரவு அரிப்பு, உரிய இடங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு என மூன்றும் சேர்ந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட நியாயமில்லை. நாய்க்கும் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. காது மடலின் விளிம்பை விரல்களுக்கிடையே வைத்துச் சில நொடி தேய்த்தால், சொறியுள்ள நாய் பின்னங்காலைத் தூக்கிச் சொறிவதுபோல் உதறும். 2001 இல் வெளியான ஆய்வில், சொறியுள்ள நாய்களில் 82 விழுக்காடு அப்படிச் செய்தன. வேறு தோல் நோயுள்ள நாய்களில் 94 விழுக்காடு செய்யவில்லை. நுண்ணோக்கி இல்லாத ஊருக்கு இது சுரண்டலைவிட நம்பகமான சாட்சி.

கண்டறிதலில் உண்மையான கேடு வேறொன்று. அரிப்புக்கென்று ஸ்டீராய்டு களிம்பைத் தடவுவது. அது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கி அடையாளங்களை அழிக்கும். பூச்சியோ தடையில்லாமல் பெருகும். அதற்குள் சொறிந்த புண்ணில் சீழ் வைக்கிறது. நம்முடைய வெக்கையிலும் ஈரத்திலும் அந்தப் புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இறங்கினால், சில வாரம் கழித்துப் பிள்ளையின் சிறுநீரகம் வீங்கக்கூடும். சிரங்கால் யாரும் சாகமாட்டார்கள் என்ற பேச்சு இங்கே பொய்யாகிறது.

இனி மருந்துகள். பழைய வழிகளை ஒட்டுமொத்தமாகத் தள்ளவும் முடியாது, ஏற்கவும் முடியாது. கந்தகம் ரோமர் காலத்திலிருந்து பயன்பட்டு வருவது, இன்றும் செல்லுபடியாவது. 6 முதல் 10 விழுக்காடு கந்தகம் கலந்த களிம்பை அடுத்தடுத்த மூன்று இரவு பூசினால் பூச்சி சாகும். நாற்றமும் துணிக் கறையும்தான் குறை. இரண்டு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவர்கள் இன்றும் இதை நாடுகிறார்கள்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 1992 இல் வெளியான அதில் 814 பேரில் 97 விழுக்காடு, 3 முதல் 15 நாளில் குணமானதாகச் சொல்லப்பட்டது. இந்த எண்ணைக் கேட்டு நம் மனம் குளிர்கிறது. ஆனால் அது முன்னோட்ட ஆய்வு மட்டுமே. வேறு மருந்து போட்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்தப் பலனை முழுதாக வேம்பின் கணக்கில் எழுத முடியாது. வேம்பு அரிப்பைத் தணிக்கலாம், புண்ணுக்கு நல்லதாகலாம். பிள்ளையின் சிரங்கை அதை மட்டும் நம்பி விடுவதற்குச் சான்று போதாது.

நாய்க்குப் பழைய எஞ்சின் எண்ணெய் தடவுவதை எந்தத் தராசில் வைத்தாலும் அது கொடுமை. அந்த எண்ணெயில் ஈயம் போன்ற உலோகங்களும் தோலை எரிக்கும் ஹைட்ரோகார்பன்களும் இருக்கின்றன. நாய் தன் உடலை நக்கும். அவ்வளவும் வயிற்றுக்குள் போகும். ‘தடவினோம், முடி முளைத்தது’ என்பவர்கள் தடவிச் செத்த நாய்களை எண்ணுவதில்லை. இந்தப் பழக்கம் நிற்க வேண்டும்.

மனிதருக்கு இன்று முதன்மையான மருந்து 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு. கழுத்திலிருந்து கால் விரல் வரை, நகத்தடி, தொப்புள், பிறப்புறுப்பு என்று ஓரிடமும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து கழுவ வேண்டும். சின்னக் குழந்தைக்குத் தலைக்கும் பூச வேண்டும். முட்டைகள் எல்லாம் சாகாததால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். இதைவிட மலிவான பென்சைல் பென்சோவேட் லோஷனும் வேலை செய்யும், ஆனால் எரியும். எரிவதால் பிள்ளைகள் இரண்டாம் நாள் ஓடிவிடுவார்கள். அண்மையில் ஐரோப்பாவில் பெர்மெத்ரின் முன்போல் கேட்பதில்லை என்று மருத்துவர்கள் எழுதி வருகிறார்கள். பூச்சியில் எதிர்ப்புக்கான மரபணு மாற்றமும் கண்டிருக்கிறார்கள். இதைப் புறக்கணிக்க முடியாது. என்றாலும் மருந்தைக் குறை சொல்வதற்கு முன்னால், அரிக்கும் இடத்தில் மட்டும் தொட்டுத் தொட்டு வைத்தோமா, இரண்டாம் முறையை விட்டோமா என்று கேட்பதுதான் நேர்மை. நாய்க்கும் பூனைக்கும் இந்தக் களிம்பைப் பூசக் கூடாது. பூனைக்கு இது கொடிய நஞ்சு.

மாத்திரையாக வருவது ஐவர்மெக்டின். ஜப்பானின் ஷிசுவோக்கா கடற்கரை மண்ணிலிருந்து சத்தோஷி ஓமுரா எடுத்த நுண்ணுயிரியில் பிறந்த மருந்து. அதற்காக அவரும் வில்லியம் கேம்பலும் 2015 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். இந்த மருந்தைப் பற்றி நம் மக்கள் மனத்தில் உள்ள குழப்பத்துக்கு கோவிட் காலமே காரணம். அப்போது கோவிடுக்கு இதுதான் அமுதம் என்று சொல்லி, கால்நடைக்கான மருந்தைக்கூட விழுங்கியவர்கள் உண்டு. அந்தக் கூற்றை முறையாகச் சோதித்தவர்களில் நம் மலேசிய அரசு மருத்துவர்களும் உண்டு. ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை மருத்துவர் தலைமையில் 490 நோயாளிகளிடம் நடந்த அந்தச் சோதனை 2022 இல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் 21.6 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 17.3 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. பலன் இல்லை என்பதே முடிவு.

அதனால் ஐவர்மெக்டினே பொய் மருந்து என்று முடிவு கட்டினால் அது மறுபக்கத்துத் தவறு. சிரங்குக்கு அதன் தகுதி தனியாக நிறுவப்பட்டிருக்கிறது. 2019 இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சிரங்குக்கென்றே அதைச் சேர்த்தது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 200 மைக்ரோகிராம், ஓரிரு வார இடைவெளியில் இரண்டு முறை. 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் வழக்கமாகக் கொடுப்பதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே உண்ண வேண்டும். நாய்க்கு வாங்கிய ஊசி மருந்தை மனிதர் எடுப்பது ஒருபோதும் கூடாது. அதன் செறிவு வேறு, கூட்டுப்பொருள் வேறு.

நாய்க்கும் ஐவர்மெக்டின் ஊசி நெடுங்காலமாகக் கைகொடுத்தது. ஆனால் கோலி போன்ற சில இனங்களில் உள்ள மரபணுக் குறையால் அது மூளைக்குள் புகுந்து உயிரைக் குடிக்கும். இதயப்புழு உள்ள நாய்க்கும் ஆபத்து. இதயப்புழு நம் நாட்டில் உண்டு. 2010களில் வந்த ஃப்ளூரலனர், அஃபாக்ஸோலனர், சரோலனர் வகை மாத்திரைகள் இந்தக் கணக்கை மாற்றிவிட்டன. வாரம் தவறாமல் மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிடித்து ஊசி போட வேண்டாம். சோற்றில் கோழித் துண்டோடு வைத்துக் கொடுத்துவிடலாம். கைக்கு அகப்படாத தெருநாய்க்கும் சிகிச்சை கிடைக்க இதுவே வழி. வலிப்பு வந்த நாய்க்குக் கவனம் தேவை என்று அமெரிக்க மருந்துத் துறை 2018 இல் எச்சரித்திருக்கிறது. விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு உறைக்கும். இந்த இரண்டையும் கழித்துப் பார்த்தாலும் நாய் மருந்துகளில் முதலிடம் இதற்கே. தெருவில் நாலு வீடு சேர்ந்து வாங்கினால் விலையும் தாங்கும். எடை பார்த்து அளவு சொல்ல மட்டும் விலங்கு மருத்துவர் வேண்டும். கூடப் படுத்துறங்கும் நாய்களுக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும், அவை சொறியாவிட்டாலும்.

இத்தனை நல்ல மருந்துகள் இருந்தும் நோய் ஏன் திரும்புகிறது? முதன்முறை பூச்சி ஏறியவருக்கு அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அவருக்கே தெரியாது; ஆனால் அவர் மற்றவருக்குப் பரப்புவார். பிள்ளைக்கு மட்டும் மருந்து போடும் இரவில், பக்கத்தில் படுத்திருக்கும் அக்காவிடம் பூச்சி அமைதியாக முட்டை இட்டுக்கொண்டிருக்கிறது. இந்த நோயில் நோயாளி என்பது ஓர் உடல் இல்லை, ஒரு வீடு. அதை மறந்த சிகிச்சை எதுவானாலும் தோற்கும்.

சான்று ஃபிஜித் தீவுகளில் இருக்கிறது. மூன்று சமூகங்களில் மூன்று முறைகளைப் பார்த்த அந்த ஆய்வு 2015 இல் வெளியானது. நோய் கண்டவருக்கும் அவரோடு பழகியவருக்கும் மட்டும் பெர்மெத்ரின் கொடுத்த இடத்தில், ஓராண்டில் சிரங்கு 36.6 விழுக்காட்டிலிருந்து 18.8 ஆனது. எல்லாருக்கும் பெர்மெத்ரின் கொடுத்த இடத்தில் 41.7 இலிருந்து 15.8. எல்லாருக்கும் ஐவர்மெக்டின் கொடுத்த இடத்தில் 32.1 இலிருந்து 1.9. மாத்திரையின் பலம் இதில் தெரிகிறது. எவரையும் விடாமல் கொடுத்ததன் பலமும் தெரிகிறது. ஃபிஜியின் சிறு தீவு வேறு, கோப்பெங் வேறு என்று மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். இங்கே ஈப்போவுக்கும் கம்பாருக்கும் தினமும் போய்வருகிறோம். ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுத்தாலும் வெளியிலிருந்து நோய் வரும். ஆனால் ஊருக்குப் பொருந்தாதது ஒரு வீட்டுக்கும், ஒரு விடுதிக்கும், வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் ஒரு கொங்சிக்கும் பொருந்தும். பினாங்கில் ஒரு சிறுவர் காப்பகத்தைப் பற்றி 2010 இல் வெளியான ஆய்வில் 31 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குச் சிரங்கு இருந்தது. அப்படிப்பட்ட கட்டடத்தில் ஒரு பையனுக்கு மட்டும் களிம்பு கொடுப்பது வீண் செலவு.

நம் முன்னோர் வாழ்ந்த லயங்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கெல்லிஸ் கோட்டையைச் சுற்றியிருந்த கிந்தா கெல்லாஸ் போன்ற தோட்டங்களில், ஓர் அறையில் ஒரு குடும்பமே படுத்த நெருக்கத்தில் சிரங்கு செழித்தது. அந்த நெருக்கத்தை யாரும் புகழ வேண்டியதில்லை. ஆனால் தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸருக்கு எந்த அறையில் எத்தனை பிள்ளைகள் என்று தெரியும். லயத்தையே வரிசையில் நிறுத்தி மருந்து போட அவரால் முடியும். ரப்பர் எண்ணெய்ப்பனையாகி, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறியபோது நெருக்கம் முழுதாகக் குறையவில்லை. வீட்டைத் தெரிந்த ஆள் மட்டும் இல்லாமல் போனார். இன்று கிளினிக்கில் ஒரு பிள்ளையின் பெயரில் ஒரு குழாய் மருந்து கிடைக்கிறது. அந்த வீட்டில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்க அங்கே நேரம் இருப்பதில்லை.

துப்புரவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் குடும்பங்கள் சக்தியை வீணாக்குகின்றன. மெத்தையை எரிக்க வேண்டாம், வீடெல்லாம் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். உடலை விட்ட பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைப்பதில்லை. மெலன்பியின் ஆய்வில், நோயாளிகள் படுத்த போர்வையில் படுத்தவர்களில் மிகச் சிலருக்கே நோய் ஒட்டியது. தோலோடு தோல் படுவதுதான் பெரிய வழி. மூன்று நாளாகப் புழங்கிய துணியையும் விரிப்பையும் சுடுதண்ணீரில் துவைத்தால் போதும். துவைக்க முடியாததை மூன்று நாள் பையில் கட்டி வைக்கலாம். சிரங்கு அழுக்கின் அடையாளம் என்று வெட்கப்பட்டு மறைப்பதும் தேவையில்லை; தினம் இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும்.

எடைபோட்டதன் முடிவு இது. நாயே காரணம் என்ற பழக்கத் தீர்ப்பு தள்ளுபடி. பூச்சி அகப்படும்வரை காத்திருப்பது தவறு. மருந்துகளில் பெர்மெத்ரினும், மருத்துவர் எழுதும் ஐவர்மெக்டினும், நாய்க்குப் புதிய மாத்திரையும் தேர்கின்றன. கந்தகம் தன் இடத்தில் தேர்கிறது. வேம்பு துணைக்கு மட்டும். எஞ்சின் எண்ணெயும் ஸ்டீராய்டும் தோற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மருந்து என்பதைவிட எத்தனை பேருக்கு, எந்த இரவில் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது.

ஆகையால் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சிரங்கு என்று மருத்துவர் சொன்னால், ‘எங்கள் வீட்டில் இத்தனை பேர், அத்தனை பேருக்கும் மருந்து வேண்டும்’ என்று அங்கேயே கேளுங்கள். அரிப்பவர், அரிக்காதவர், பேரப்பிள்ளை, தாத்தா என எல்லாரும் ஒரே இரவில் பூசுங்கள்; ஏழு நாள் கழித்து மறுபடியும் பூசுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். அதற்குப் பயந்து தினம் தினம் மருந்து பூசாதீர்கள். நாய்க்குச் சொறி இருந்தால் அதே வாரத்தில் விலங்கு மருத்துவரிடம் காட்டுங்கள். அதைத் துரத்தாதீர்கள்.